ஜோஸ்பின் சலித்த மணல்

பாகூர்ப் பக்கம் யாரிடமாவது பழைய இயந்திரம் துருப்பிடித்துக் கிடந்தால், சார்லஸ் ஷெட்டுக்குக் கொண்டுபோ என்பார்கள். கரும்பு பிழியும் உருளையோ, கைவிட்ட டீசல் இன்ஜினோ, துருவை உரித்து, பெயின்ட் அடித்து, ஓடவைத்து அனுப்புவார். அவர் எடுத்த நல்ல பெயரில் பாதி அவர் மனைவி ஜோஸ்பினுடையது. யாரும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை.

ஐந்து வருஷத்துக்கு முன், மணலைக் காற்றோடு பீய்ச்சியடித்துத் துருவை உரிக்கும் சாண்ட் பிளாஸ்டர் வாங்க இருவரும் புதுச்சேரிக்குப் போனார்கள். கடைக்காரர் அரங்கநாதன் நல்ல மனிதர்.

"அண்ணே, ஆத்து மணல் மட்டும் போடாதீங்க. அடிக்கிற வேகத்துல மாவா உடையும். நெஞ்சுல போய் உக்காந்துச்சுன்னா எழுந்திரிக்காது. கார்னெட் கல்லுப்பொடி போடுங்க. தலைக்குக் காத்து வர்ற குல்லா கட்டாயம் வேணும். எத்தினி பேரு வேலை செய்யிறீங்க?"

"நான் ஒருத்தன்தான்பா."

பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்ற ஜோஸ்பினும் ஆமாம் என்று தலையாட்டினாள். பாவி மகள்!

குல்லா ஒன்று வந்தது. கார்னெட் தீரும்வரை கார்னெட். பிறகு ஆற்று மணல்தான். கம்ப்ரசரிலிருந்து குல்லாவுக்குள் வரும் சுத்தமான காற்றை இழுத்துக்கொண்டு சார்லஸ் அடிப்பார். முடிந்ததும் முகம் கழுவி டீக்கடைக்குப் போய்விடுவார். அதற்குப் பிறகுதான் ஜோஸ்பின் உள்ளே போவாள். கொட்டிக் கிடக்கும் மணலை வாரி, மறுபடி பயன்படுத்தச் சலிப்பாள். வெள்ளைப் புகையாகத் தூசி எழும்பும். மூக்கை மூட முந்தானை ஒன்றுதான்.

"இன்னாடி ஜோசு, பவுடர் பூசிக்கினு எந்தக் கல்யாணத்துக்குக் கிளம்பிட்ட?" என்று பக்கத்து வீட்டு உஷாராணி கேட்பாள். ஜோஸ்பின் சிரிப்பாள். சிரிப்பு இருமலில் போய் முடியும்.

ஒருநாள் வாய்விட்டுக் கேட்டாள்.

"ஏங்க, அந்தக் குல்லாவ நானும் மாட்டிக்கிட்டா இன்னா?"

"சலிக்கிறதுக்கு குல்லாவா? நீ இன்னா ராக்கெட்லயா போற? உனுக்குன்னு தனியா கம்ப்ரசர் ஓடணுமா?"

அத்தோடு அடங்கிப்போனாள்.

உடம்பு பாதியாயிற்று. எட்டு மாதம் காசநோய் மாத்திரை தின்றாள். இருமல் நின்றபாடில்லை. மாடிப்படி ஏறக்கூட மூச்சு போதவில்லை. நெஞ்சு நோய் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருந்த டாக்டர் செல்வகுமாரி, எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தபடி கேட்டார்:

"என்ன வேலை செய்யறீங்கம்மா?"

"வூட்லதான் இருக்குது டாக்டர்," என்றார் சார்லஸ். எட்டு மாதமாக எல்லாச் சீட்டிலும் அவர் சொல்லி எழுதப்பட்டது அதுதான்.

கல்யாணமான நாள் முதல் அவர் பேச்சை நாலு பேர் முன்னால் ஜோஸ்பின் மறுத்ததே இல்லை.

"மணல் சலிக்கிறேன் டாக்டர். தெனமும். அஞ்சு வருசமா."

"கூடமாட ஒத்தாசைதான் டாக்டர். அதெல்லாம் ஒரு வேலையா?"

டாக்டர் எக்ஸ்ரேயைக் கீழே வைத்தார்.

"இதை முதல்லயே சொல்லியிருந்தா... அம்மா, இது மணல் தூசியால வந்தது. அரிச்சுப்போன நுரையீரலைத் திருப்பித் தர மருந்து கிடையாது. இனிமே அந்த ஷெட்டு வாசலைக்கூட மிதிக்காதீங்க."

சார்லஸ் தொண்டையைக் கனைத்தார். ஒரு ஆறுதல் வார்த்தை வரும் என்று ஜோஸ்பின் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப மணலை யாரு சலிக்கிறது?" என்றார் அவர்.

ஜோஸ்பின் எழுந்து வெளியே வந்தாள். படிக்கட்டில் நாலு படி இறங்கியதும் மூச்சு முட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னால் வந்த சார்லஸ், தனக்காகத்தான் நிற்கிறாள் என்று நினைத்து, "வா வா, பஸ் போயிடும்" என்று அவளைத் தாண்டி இறங்கிப் போனார்.