மாரிசெல்வி ஓட்டிப் பார்த்த திங்கட்கிழமை

எதையும் செய்வதற்கு முன்னால் ஒருமுறை பொய்யாகச் செய்து பார்க்காவிட்டால் மாரிசெல்விக்குச் சரிப்படாது. எட்டாவது படிக்கையில் அவளுக்குப் பாவாடை தைக்க அக்கா துணி வாங்கி வந்தாள். மாரிசெல்வி துணியைத் தொடவில்லை. பழைய செய்தித்தாளை வெட்டி, நூலால் கோத்து இடுப்பில் சுற்றிக்கொண்டு வீட்டுக்குள் நடந்தாள். குனிந்தாள், உட்கார்ந்தாள். தாள் கிழிந்தது. "இங்கன இன்னொரு மடிப்பு வேணுக்கா" என்றாள்.

அக்கா ஆவுடைத்தாய் அவளைவிட ஒன்பது வயது மூத்தவள். எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போனவள். தங்கச்சி இன்ஜினியரிங் முடித்து மதுரையில் மென்பொருள் கம்பெனியில் சேர்ந்தபோது, 'கம்ப்யூட்டர் வேலை' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல ஆவுடைத்தாய்க்கு மனசு வரவில்லை. துருவித் துருவிக் கேட்டுத் தெரிந்துகொண்டு, வேலைக்குப் போகும் வேனில் விளக்கினாள்.

"புரோகிராம் எழுதுற ஆளுக வேற. எங்க செல்வி அதுக்கு முந்தி படம் போடுவா. வெறும் படமில்ல, ஓடுற படம். ஓட விட்டு எங்கன தப்புன்னு பிடிச்சிருவா. அதுக்கப்புறந்தான் மத்தவுக எழுதுவாக."

"ஓடுற படம்னா சினிமால்ல?" என்றாள் ஒரே அறையில் வேலை பார்க்கும் வள்ளித்தாய். வேனே சிரித்தது. ஆவுடைத்தாய் சிரிக்கவில்லை. இறங்கும் வரை அவளுக்கு விளக்கிக்கொண்டே வந்தாள்.

இந்த வருஷம் மாரிசெல்வி கைக்கு வந்தது சிவகாசிப் பட்டாசு ஆலை ஒன்றின் வேலை. ஓர் அறைக்குள் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. உள்ளே எத்தனை பேர் என்பதை வெளியே ஒரு பலகை காட்ட வேண்டும். இடி மின்னல் வந்தால் எல்லோரும் வெளியேறியாக வேண்டும். பலகையில் பூச்சியம் வந்துவிட்டதா என்று போர்மேன் அறை அறையாகப் பார்த்துக்கொண்டு போவார்.

மாரிசெல்வியின் யோசனை எளிமையானது. வாசலுக்கு வெளியே ஒரு விரிப்பு, உள்ளே ஒரு விரிப்பு. வெளி விரிப்பை முதலில் மிதித்து உள் விரிப்பை அடுத்து மிதித்தால் ஒரு ஆள் கூடும். உள் விரிப்பு முதலில் என்றால் ஒரு ஆள் குறையும். அதைக் கட்டங்களும் அம்புகளுமாக வரைந்து, நூறு தடவை ஓட்டிப் பார்த்தாயிற்று. குழுத் தலைவர் சரவணக்குமாரும் ஆலைக்காரர்களும் பார்த்துத் தலையாட்டிவிட்டார்கள். திங்கட்கிழமை எழுத ஆரம்பிப்பதாகத் திட்டம்.

அதற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. வீட்டுக்கு வந்த மாரிசெல்வி, மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மடிக்கணினியைத் திறந்தாள்.

"அக்கா, உங்க கம்பெனியிலயும் அறைக்கு நாலு பேருதான? போன திங்கட்கிழமை உன் அறையில நடந்ததைச் சொல்லு. எல்லாத்தையும் சொல்லணும். யார் எப்ப வாசலுக்கு வந்தாலும்."

கேட்க வேண்டிய ஆளைத்தான் கேட்டாள். ஆவுடைத்தாய்க்கு யார் எந்த நேரத்தில் தண்ணீர் குடிக்கப் போனார்கள் என்பது வரை நினைவிருக்கும். அவள் சொல்லச் சொல்ல மாரிசெல்வி தட்டினாள். திரையில் ஒவ்வொரு கட்டமாகப் பச்சையானது. நாலு பேர் உள்ளே. வள்ளித்தாய் வெளியே போக மூன்று. திரும்பி வர நாலு. அப்புறம் மூன்று. இரண்டு. பதினொரு மணிக்குள் பூச்சியம்.

"நாங்க நாலு பேரும் உள்ளதானடி இருந்தோம்?" என்றாள் ஆவுடைத்தாய். "நாந்தான் மாத்திச் சொல்லிட்டேன் போல."

"நீ மாத்திச் சொல்ற ஆளா? இரு."

ஆள் குறையும் அம்பின் மேல் ஒரு சிவப்புப் புள்ளியை வைத்தாள் மாரிசெல்வி. மறுபடி முதலிலிருந்து ஓட்டினாள். அந்தப் புள்ளிக்கு வரும்போதெல்லாம் படம் நின்றது. முதல் தடவை நின்றபோது வள்ளித்தாய் தண்ணீருக்குப் போயிருந்தாள். சரி. இரண்டாம் தடவை நின்றது.

"இப்ப என்ன நடந்துச்சு?"

"மருந்து அறையிலருந்து அய்யம்மா வெடிமருந்துத் தட்டு கொண்டாந்தா. அவ வர்றதைப் பாத்து நான் முந்தியே வாசல்ல போய் நின்னு வாங்கிக்கிட்டேன்."

"அவ உள்ள வரலையா?"

"எப்படி வருவா? நாலு பேர் இருக்கோம்ல. அஞ்சாவது ஆள் உள்ள கால் வைக்கவே கூடாது. நான் உள்ள நின்னு கை நீட்டுவேன், அவ வெளிய நின்னு தருவா."

உள் விரிப்பில் ஒரு கால். அடுத்து வெளி விரிப்பில் ஒரு கால். படத்தின் கணக்கில் ஒரு ஆள் வெளியே போய்விட்டாள்.

மாரிசெல்வி நாற்காலியில் சாய்ந்தாள். இத்தனை நாளும் அவள் ஓட்டிய படத்தில் ஆட்கள் ஒருத்தர் பின் ஒருத்தராக நடந்து வந்து, நடந்து போயிருந்தார்கள். யாரும் யாருக்கும் எதையும் கொடுக்கவில்லை.

ஆவுடைத்தாய்க்கோ திரையில் இருந்த பூச்சியத்திலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. இடி இடிக்கிற நேரத்தில் அதைப் பார்த்துவிட்டுப் போர்மேன் அடுத்த அறைக்குப் போய்விடுவார். உள்ளே ஒருத்தி மயங்கிக் கிடந்தாலும் அப்படித்தான் போவார்.

அவளே ஒரு வழியும் சொன்னாள். "செருப்பை எண்ணுனா என்ன? உள்ள போறவுக எல்லாம் கழட்டித்தான் போடுவோம். தட்டு கொண்டாறவ கழட்ட மாட்டா."

"ஏ அக்கா!" என்று மாரிசெல்வி துள்ளினாள். படத்தில் விரிப்புகளை அழித்துவிட்டு வாசலில் நாலு ஜோடிச் செருப்புக்கு இடம் வரைந்தாள். ஓட்டினாள். சாயங்காலம் வரை கணக்கு பிசகவில்லை. ஆவுடைத்தாய்க்குப் பெருமை பிடிபடவில்லை.

"இப்ப இடி இடிக்குது. என்ன செய்வீக?"

"ஓடுவோம்."

"செருப்பு?"

"அந்நேரம் செருப்பை யாரு தேடுவா?"

ஆட்கள் எல்லாம் வெளியே ஓடிய பிறகும் பலகையில் நாலு என்றே இருந்தது. யாரோ சிக்கிக்கொண்டார்கள் என்று நினைத்துப் போர்மேன் உள்ளே ஓடுவார்.

மாரிசெல்வி கைபேசியை எடுத்தாள். சரவணக்குமாரிடம் அவள் சுற்றி வளைக்கவில்லை. "சார், என் டிசைன் தப்பு. நாளைக்கு எழுத ஆரம்பிக்கக் கூடாது."

அந்தப் பக்கக் குரல் ஆவுடைத்தாய்க்கும் கேட்டது. "எல்லாரும் சரின்னு சொன்னதும்மா அது. நீதான முன்னால நின்னு ஓட்டிக் காமிச்ச?"

"ஆமா சார், நாந்தான் காமிச்சேன். ஓட்டத்தை இப்பவே அனுப்புறேன், நீங்களே ஓட்டிப் பாருங்க. பதினொரு மணியில நிறுத்துங்க."

கால் மணி நேரம் கழித்துத்தான் கைபேசி அடித்தது. "பார்த்தேன். ஆலைக்காரங்ககிட்ட நான் பேசிக்கிறேன். எத்தனை நாள் வேணும்?"

"தெரியலை சார். ஒரு திங்கட்கிழமைதான் ஓட்டியிருக்கேன்."

கைபேசியை வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தாள். ஆவுடைத்தாய் ஏற்கெனவே நாற்காலியைக் கிட்டத்தில் இழுத்துப் போட்டிருந்தாள்.

"செவ்வாய்க்கிழமை ஏழரைக்கு வேன் வந்துச்சு" என்று ஆரம்பித்தாள். "முதல்ல இறங்குனது நான்."