நாலு மணி மல்லாட்டை

திண்டிவனம் பேருந்து நிலையத்தில் யாரோ குண்டானின் மூடியைத் திறந்தார்கள். அவித்த மல்லாட்டை வாசனை. உப்பும் மண்ணும் ஆவியுமாக அது மூக்கில் ஏறியதும் எனக்குப் பசி வரவில்லை, கோபம்தான் வந்தது. வேர்க்கடலையைப் பார்த்துப் பல்லைக் கடிக்கும் ஆளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். இதோ, நான்.

விழுப்புரத்துக்கு வெளியே ஒரு தனியார் பால் குளிரூட்டு நிலையத்தில் எனக்கு முதல் வேலை. சட்டையெல்லாம் புளித்த பால் வாடை. கல்யாணம் தள்ளிப்போனது அதனால்தான் என்று இன்றும் சொல்லித் திரிகிறேன். நாலு மணிக்கு டீ வரும். பாலைச் சோதித்துப் பார்க்கும் சாந்தியக்கா குரல் கொடுப்பார்: "இன்னிக்கு யாருப்பா மல்லாட்டை?"

அன்றைக்குத் தப்பு செய்தவர், அது எப்படி நடந்தது என்று எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு எல்லாருக்கும் மல்லாட்டை வாங்கித் தர வேண்டும். தண்டனை அவ்வளவுதான்.

டேங்கர் கழுவும் ஏழுமலை எழுந்திருப்பான். "நாந்தாங்கா. மூடிய சரியா மாட்டாம மோட்டாரப் போட்டுட்டேன். தலையில பாலாபிஷேகம்!"

"குளிச்சியா, இல்ல நக்கிக்கினே வந்தியா?" என்பார் அக்கா.

சிரித்துச் சிரித்துத் தொண்டையில் பருப்பு அடைக்கும். ஆனால் மறுநாள் அந்த மூடியைத் தொட்டுப் பார்க்காமல் ஒருவரும் மோட்டாரைப் போட மாட்டோம். அதிகம் வாங்கித் தந்தவன் நான். ஊரார் தப்பெல்லாம் எனக்குத் தெரியும், என் தப்பு ஊருக்கே தெரியும்.

சென்னையிலிருந்து புது மேலாளர் வந்தார். "டியூட்டி நேரத்துல என்ன கடலை போட்டுக்கிட்டு?" என்றார். அதோடு நாலு மணி செத்தது. டீ அவரவர் இடத்துக்கு வந்தது. தப்பு நடந்தால் கணினியில் பதிவு. யார் பேரில் பதிவு ஏறியதோ அவருக்கு ஊக்கத்தொகை கிடையாது. தப்பே குறைந்துவிட்டதென்று சுவரில் படம் போட்டுக் காட்டினார். குறைந்தது தப்பா? வாயைத் தைத்துவிட்டு, ஊரில் சத்தமே இல்லை என்று கைதட்டிக்கொண்டார்கள்!

குழாயில் கைப்பிடி குறுக்கே நின்றால் அடைப்பு, நீட்டமாக நின்றால் திறப்பு. ரிப்பேருக்கு வந்த வெளியாள் ஒரு கைப்பிடியை மட்டும் திசை மாற்றி மாட்டிவிட்டுப் போய்விட்டான். சாந்தியக்காதான் அதை முதலில் கண்டார். குழாய் கழுவும் கொதிக்கிற காஸ்டிக் சோடாத் தண்ணீர் அவர் புடவை ஓரத்தைப் பொசுக்கியது. தரையைக் கழுவிவிட்டு வாயை மூடிக்கொண்டார். அடுத்த வாரம் ஏழுமலை, அடைத்துத்தான் இருக்கிறதென்று நம்பி, அதே குழாயின் இணைப்பைக் கழற்றினான். வலது கண் போயிற்று.

"சொன்னா எம் பேருல ஏறும் தம்பி. பொண்ணுக்கு ஃபீஸ் கட்டணும்," என்று அக்கா சுவரில் முட்டிக்கொண்டார். நாலு மணியை ஆரம்பித்து வைத்த வாயே அது. அதையும் பூட்டிவிட்டார்களே!

பிறகு சும்மா இருந்தார்களா? ஓட்டல் அரங்கம் பிடித்து 'அறிவுப் பகிர்வு விழா' நடத்தினார்கள். மேலாளருக்குப் பொன்னாடை. அந்தச் சாயந்திரமே நான் வேலையை உதறினேன். இன்று அந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடம் நிற்கிறது. நாலு மணிக்கு எந்திரம் தானாகவே டீ ஊற்றுகிறதாம். யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லையாம்.

கணக்கு முடித்து ஊருக்குப் போன ஏழுமலையைத் திருவெண்ணெய்நல்லூர் பேருந்தில் ஏற்றிவிட்டது நான்தான். கட்டுப் போட்ட முகத்தை ஜன்னலில் சாய்த்திருந்தான்.

"அக்கா வந்து எல்லாம் சொல்லிட்டு அழுதாங்கண்ணே. அவங்க மேல எனக்குக் கோவமில்ல."

வண்டி உறுமியது. ஒற்றைக் கண்ணால் என்னைத் தேடிப் பிடித்துக் கேட்டான்:

"ஆனா இதுக்கு யாருண்ணே மல்லாட்டை வாங்கித் தரணும்?"