சாணார்பட்டிக்குப் போன ராஜ தாடை

என் கீழ்த்தாடை எனக்கு முன்னால் போகும். எந்த அறைக்குள்ளும் முதலில் நுழைவது அதுதான், பின்னால்தான் நான். என் புத்தகத்தின் பின்னட்டைக்காகத் திண்டுக்கல் ஸ்டுடியோவில் படம் எடுத்தபோது, "சார், அத உள்ள இழுங்க" என்றார் புகைப்படக்காரர். இழுத்தேன். கவிஞன் போய்ப் பல்வலிக்காரன் வந்தான். பிறைநிலா, படகின் மூக்கு, உழாமல் விட்ட மேடு என்று அந்தத் தாடைக்கு நானே எத்தனையோ உவமை சூட்டியிருக்கிறேன். ஒன்றுகூட அதை நூல் அளவு பின்னே தள்ளவில்லை.

அப்பாவுக்கும் இதே தாடை. அம்மாவுக்கும் இதே. அம்மா தன் தாய்மாமனைக் கட்டிக்கொண்டவள். வெளியே போக வழியில்லாமல் தாடை வீட்டுக்குள்ளேயே சுற்றி வந்து, அக்காவிடமும் என்னிடமும் தங்கிவிட்டது. எங்கள் வீட்டில் சொந்தத்தை விட்டு அசலில் பெண் எடுத்த முதல் ஆள் நான்தான்.

போன மாதம் அக்கா சாணார்பட்டியிலிருந்து போன் செய்தாள். "வெள்ளிக்கிழமை நாள் நல்லாருக்கு தம்பி. ஒம் மகளுக்குப் பூ வைக்க வாரோம்." அவள் மகனுக்கு என் மகள் முறைப்பெண். மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள். கேட்டேன். "எனக்கு அவன் கூடப்பொறந்தவன் மாதிரிப்பா. வேணாம். அத்தைகிட்ட நீங்களே சொல்லிருங்க" என்றாள்.

வானம், மழை, மரணம் எல்லாவற்றிடமும் பேசியவன் நான். அக்காவிடம் 'வேண்டாம்' என்று மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. அவள் பூப்பறித்துத்தான் என்னைக் கல்லூரிக்கு அனுப்பினாள். ஆகவே எனக்குப் பதிலாகச் சொல்ல ஓர் ஆளைப் போனில் தேடினேன். கிடைத்தது ஓர் ஐரோப்பிய ராஜ குடும்பம். ராஜ்ஜியம் கைமாறக் கூடாதென்று தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளேயே கட்டியவர்கள். ஓவியத்துக்கு ஓவியம் தாடை நீள்கிறது. அந்த வம்சத்தில் ஸ்பெயினை ஆண்ட கடைசி அரசருக்குச் சரியாக மெல்லவே வராதாம். பிள்ளையும் இல்லை. அவருடைய அப்பா, அவருடைய அம்மாவுக்குத் தாய்மாமன். எனக்குப் புல்லரித்தது. பங்காளியே கிடைத்துவிட்டார்! படத்தைச் சேமித்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அக்கா ஈரச் சாக்கில் மல்லிகையைக் கொட்டிப் பரப்பிக்கொண்டிருந்தாள். போனை நீட்டினேன்.

"யாருடா இது? நம்ம அப்பாவுக்குச் சுண்ணாம்பு அடிச்சுச் சவுரி மாட்டி வுட்ட மாதிரி!"

"ஸ்பெயின் ராஜாக்கா."

"பாத்தியா, நம்ம மூஞ்சி ராஜ மூஞ்சி!"

நான் விடவில்லை. ரத்தம், வம்சம், மெல்ல முடியாத வாய், வாரிசற்ற அரண்மனை என்று கவியரங்கத்தில் வாசிப்பதுபோல் ஏற்ற இறக்கத்தோடு பொழிந்தேன். கைதட்டல் வரும் இடத்தில் நிறுத்தியும் பார்த்தேன். அக்காவின் கை பூவுக்குள் அப்படியே நின்றுவிட்டது.

"அப்ப அம்மா நம்ம அப்பாவக் கட்டுனது தப்புங்கிற. நீயும் நானும் பழுது. எம் மகனும் பழுது. அம்புட்டுத்தான?"

"அப்படி இல்லக்கா..."

"பின்ன எப்படி?"

அரசர் உதவிக்கு வரவில்லை. திரை அணைந்துவிட்டிருந்தது.

"பிள்ளைக்கு இஷ்டமில்லக்கா."

"ஏலே, இந்த ஒத்த வார்த்தைக்கா செத்துப்போன ஆத்தா அப்பன இழுத்தே?" என்றவள், என் மகளை அழைக்கச் சொல்லிப் போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ஏத்தா, எம் மகனக் கட்டிக்க மாட்டியா?"

"மாட்டேன் அத்தை. கோவிச்சுக்காதீங்க."

"ஒம் மேல எனக்கென்னத்தா கோவம்? நேரத்துக்குச் சாப்புடு."

மூன்றே வரியில் முடிந்தது. 'ஒம் மேல' என்பதை மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

மதியம் இலை போட்டாள். சோறு, குழம்பு, கத்தரிக்காய் வெஞ்சனம், அப்பளம், எதிலும் குறையில்லை. வைத்துவிட்டுப் பூவிடம் போய்விட்டாள். மெதுவாகத்தான் சாப்பிட்டேன், வருவாளென்று. 'இன்னும் கொஞ்சம் போடவா தம்பி' என்ற குரல் வராமல் அந்த வீட்டில் நான் கை கழுவியது அன்றுதான்.