எழிலரசி போட்ட மார்க்

கல்யாணத்துக்கு முன்னால் எழிலரசி நாலு வருஷம் ஓசூரில் ஒரு கம்பெனிக்குப் போய்வந்தாள். மாரண்டஹள்ளியில் விடியுமுன் பஸ் ஏறினால் வீடு திரும்ப இருட்டிவிடும். அங்கே அவளுக்கு போல்ட் முடுக்கும் வேலை. முடுக்கி முடித்ததும், சரியாக இருக்கிறது என்பதற்கு மார்க்காக, அதன் தலையில் மஞ்சள் பெயின்ட்டால் ஒரு கோடு போட வேண்டும். அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டால் அடுத்த ஆள் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டான். அவள் கோடு போட்டு அனுப்பியதில் ஒன்றுகூடத் தப்பென்று திரும்பி வந்ததில்லை. ஆனால் கட்டிக்கொண்டவன் கண்ணுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா?

கட்டிக்கொண்டவன் மாதவராஜ், விசேஷ வீடுகளுக்கு ஜெனரேட்டர் வாடகைக்கு விடுபவன். பொண்டாட்டி வேலைக்குப் போவது தனக்குக் கேவலம் என்று தாலி கட்டிய மாதமே அவளை நிறுத்திவிட்டான். வேலைதான் போனது, பழக்கம் போகவில்லை. கேஸ் டியூப்பின் கிளிப்பாகட்டும், மிக்சியின் திருகாகட்டும், கையால் முடுக்கியதும் சிவப்பு நகப்பாலிஷில் ஒரு கோடு போட்டுவிடுவாள். மாதவராஜ் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். சிரிக்காத ஒரே ஆள் அவளுடைய அப்பா சின்னக்கண்ணு. மனைவி செத்தபிறகு மகள் வீட்டோடு வந்துவிட்ட மனிதர். ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றுவது, ஒயர் சுருட்டுவது என்று மருமகன் ஏவியதையெல்லாம் செய்வார். அப்படியும் 'தண்டச்சோறு' என்ற பேச்சு வாரத்துக்கு இரண்டு தடவையாவது அவர் காதில் விழும். மகள் கோடு போட்ட சைக்கிளைத்தான் அவர் நம்பி ஏறுவார்.

ஜெனரேட்டர் டிரெய்லரை அதுவரை அடுத்த தெரு டிராக்டர்தான் இழுத்துப் போனது. டிராக்டர்காரனிடம் போய் நிற்பது மாதவராஜுக்குப் பிடிக்கவில்லை. தன்னுடைய பழைய வேனிலேயே கொக்கி மாட்டி இழுப்பது என்று முடிவெடுத்தான். பட்டறைக்குக் கொண்டுபோனால் அரை நாளில் ஒழுங்காகச் செய்து தந்திருப்பார்கள். இவனோ செல்போனில் இரண்டு வீடியோ பார்த்துவிட்டு, வாசலிலேயே வேனுக்கடியில் படுத்துவிட்டான். அவ்வளவு திமிர்.

ஸ்பேனர் எடுத்துக் கொடுக்க நின்ற எழிலரசி குனிந்து பார்த்தாள்.

"ஏங்க, இது வெறும் பம்பர் தகடுங்க, கனம் தாங்காது. அடியில இருக்கிற சேஸ் சட்டத்துல இல்ல மாட்டணும்? போல்ட்டும் நீளம் பத்தலைங்க. நட்டத் தாண்டி ரெண்டு மரையாச்சும் வெளிய தெரியணும்."

"நாலு வருசம் ஸ்பேனர் புடிச்சவளுக்கு இன்ஜினியருன்னு நெனப்பு," என்றான் அவன், கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் வேடிக்கை பார்த்து நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி. அவர்களும் சிரித்தார்கள்.

வேலை முடிந்ததும் வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு செல்போனை எடுத்தான். ஸ்டேட்டஸ் வைக்க வேண்டுமாம்.

"போய் உன் நகப்பாலிஷ எடுத்தா. கம்பெனி முத்திர போடு, நான் வீடியோ புடிக்கிறேன்."

"இதுக்கு நான் போட மாட்டேங்க."

சொல்லி வாய் மூடவில்லை, கன்னத்தில் அறை விழுந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் வேறு எங்கேயோ பார்த்தார்கள். உள்ளே போய்ப் பாட்டிலை எடுத்து வந்தாள். நாலு போல்ட்டிலும் கோடு போட்டாள். ஒரு கோடு கோணிக்கொண்டது. அவன் அந்தக் கையை மட்டும் வீடியோ பிடித்தான்.

மறுநாள் காலை பாலக்கோட்டுப் பக்கம் ஒரு கல்யாணம். டிரெய்லரைப் பூட்டியதும் ஜெனரேட்டரின் கனம் பின்பக்கம் அழுத்தி, டிரெய்லரின் முன்பக்கம் எம்பியது.

"மாமா, முன்னால ஏறி உக்காருங்க. தின்ன சோத்துக்கு வெயிட்டாவது ஆவட்டும்," என்றான் மாதவராஜ்.

எழிலரசி அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தாள். "அப்பா, ஏறாத."

முந்தின நாள் டீசல் வாங்கப் போயிருந்த சின்னக்கண்ணு குனிந்து வேனின் பின்புறத்தை உற்றுப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "உன் மார்க்கு இருக்குதே பாப்பா. எனக்கென்ன பயம்?"

"கேட்டுக்கடி," என்று மாதவராஜ் சிரித்தான். சிரித்தபடியே அவளை ஒரு பார்வை பார்த்தான். அவள் கன்னம் இன்னும் கன்றிப்போய்த்தான் இருந்தது. அது பொய் மார்க்கு என்று அவள் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பாவி, சொல்லவில்லை. அப்பா டிரெய்லரில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வண்டி போய்விட்டது.

ஏரிக்கரை ஏற்றத்து வேகத்தடை வரைக்கும்தான் கொக்கி தாங்கியது. வேன் குலுங்கியதும் பம்பர் தகட்டோடு பிய்ந்தது. டிரெய்லர் பின்னோக்கி ஓடிக் குடை சாய்ந்தது. ஜெனரேட்டர் சின்னக்கண்ணுவின் வலது காலின் மேல் விழுந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் மாதவராஜ் செல்போனை நீட்டினான். "மாட்டுனது நான்தாங்க, இல்லைங்கல. ஆனா பாத்து மார்க்கு போட்டது யாரு? நல்லா பாருங்க, யாரு கை?" பார்த்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள். பெத்த அப்பனுக்கே இப்படிக் கவனமில்லாமலா என்று அவள் காதுபடவே பேசினார்கள். அவள் எப்படி மறுப்பாள்? கை அவளுடையதுதானே?

மூன்றாம் நாள் சின்னக்கண்ணுவுக்கு நன்றாக நினைவு வந்தது. போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகளைக் கூப்பிட்டார். அவள் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

"உன் மார்க்கு இருந்துச்சே பாப்பா. அப்புறம் எப்படிப் பிஞ்சிச்சு?"

கட்டிலின் கால்மாட்டில் மாதவராஜ் நின்றுகொண்டிருந்தான். இந்தத் தடவை எழிலரசி அவன் பக்கம் திரும்பவே இல்லை. பம்பர் தகடு, நீளம் பத்தாத போல்ட், அறை, வீடியோ என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். அழுகையில் பாதி வார்த்தைகள் கரைந்துபோயின. ஆனாலும் சொல்லி முடித்தாள். இனி அவன் அடித்தாலும் கொன்றாலும் சரி, அப்பாவுக்கு உண்மை தெரிந்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

சின்னக்கண்ணு மருமகனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவனிடம் அவர் எதையும் எதிர்பார்த்ததே இல்லை. மகளையே பார்த்தார்.

"அப்ப உனக்குத் தெரியும்," என்றார். "தெரிஞ்சேதான் என்னை ஏத்தி வுட்டிருக்க."

அவள் கையிலிருந்த தன் கையை மெதுவாக உருவிப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார்.