சீனுவின் டிராக்டர்

அய்யாசாமிக்குக் கடன் என்றாலே ஆகாது. மைசூரில் உயர்ந்த மதில் போட்ட அரசாங்க ஆலை ஒன்றில் இருபத்திரண்டு வருஷமாக ஃபிட்டர். உள்ளே என்ன செய்கிறார்கள் என்று பெண்டாட்டி ஜோதிமணிக்குக்கூடச் சொன்னதில்லை. அங்கேயே விஜயநகரில் வாடகை வீடு, பழைய ஸ்கூட்டர், மளிகைக்கு எப்போதும் ரொக்கம். அப்பேர்ப்பட்ட மனுஷன் செய்த காரியத்தைப் பாருங்கள்!

சொந்த ஊரான ஹனூரில் தம்பி சீனு டிராக்டர் வாங்கினான். வங்கியில் சம்பளச் சீட்டு இருந்தால்தான் கடன் என்றார்கள்; அண்ணன் தன் பேரில் எடுத்துக் கொடுத்தார். ஓட்டுவது தம்பி, தவணை கட்டுவது தம்பி. வீட்டில் எல்லோருக்கும் அது சீனு கடன்தான். ஆகவே, போன வருஷம் ஆலையில் பாதுகாப்பு அனுமதியைப் புதுப்பிக்கப் படிவம் தந்தபோது, 'உங்கள் பேரில் கடன் உண்டா?' என்ற இடத்தில் யோசிக்காமல் 'இல்லை' என்று எழுதிவிட்டார். படுபாவி மனுஷன், யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா!

இந்த வருஷம் மழை இல்லை. சீனு ஏழு தவணை கட்டவில்லை. நோட்டீஸெல்லாம் ஹனூர் விலாசத்துக்கே போயின. அண்ணனிடம் அவன் மூச்சுவிடவில்லை.

சனிக்கிழமை காலை அய்யாசாமி காய்கறி வாங்கிக்கொண்டிருந்தபோது, முழுக்கைச் சட்டைக்காரன் ஒருவன் பக்கத்தில் வந்து நின்றான்.

"டிராக்டருக்கு ஏழு டியூ நிக்குதே சார். நாளைக்கே நான் கட்டிடறேன்."

"நீங்க யாருங்க?"

"வேண்டியவன்னு வெச்சுக்கோங்க. உங்க ஆலையில இருந்து லாரி எந்தெந்த நாள் கிளம்புது? அதை மட்டும் சொன்னாப் போதும்."

தக்காளிப் பையை அங்கேயே போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பியவர், வீட்டுக்கு வந்து கதவைத் தாழிட்ட பிறகுதான் சீனுவுக்குப் போன் போட்டார்.

"ஆமாங்ணா. சொன்னா வெசனப்படுவீங்கன்னுதான்..." என்று இழுத்தான் அவன்.

ஜோதிமணி பதறினாள். "ஏனுங்க, மொதல்ல ஆபீசருகிட்டச் சொல்லிப்போடுங்க."

"சொன்னா, பொய் எழுதிக் குடுத்தது தெரிஞ்சு போயிருமே புள்ள. ஆலை பாஸைப் புடுங்கிட்டாங்கன்னா வேலையே போச்சு."

"சொல்லாட்டி, அவன் மறுக்கா வருவானுங்க."

இரண்டு நாளும் சோறு இறங்கவில்லை. தெருவில் எந்த வண்டி நின்றாலும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். அந்தக் கேள்வியைப் படிவத்தில் எதற்காக வைத்தார்கள் என்று இப்போதுதான் உறைத்தது. எவனோ ஒருவன் அதைத் தனக்கு முன்பே புரிந்துவைத்திருக்கிறான்.

திங்கட்கிழமை பாதுகாப்பு அதிகாரி முன்னால் நின்று ஒன்றுவிடாமல் கொட்டினார். அதிகாரி பாஸை வாங்கி மேசை டிராயரில் வைத்துக்கொண்டார். பிறகு கன்னடத்தில் மெதுவாகக் கேட்டார்: "அவனிடம் ஏதாவது சொன்னீர்களா?"

"இல்லை சார். சத்தியமாக இல்லை."

அதிகாரி பழைய படிவத்தை எடுத்து அவர் பக்கமாகத் திருப்பினார்.

"இங்கேயும் இல்லை என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். எந்த இல்லையை நான் நம்பட்டும்?"