மைக்ரோவேவில் எண்ணெய்க் கிண்ணம்

இருபத்தெட்டு வருஷம் தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்து அறிவியல் லேபில் உதவியாளராக வேலை பார்த்தவன் நான். ஆசிட் பாட்டிலை எப்படிச் சாய்க்க வேண்டும், எந்தக் கண்ணாடி சூடு தாங்கும், எது பட்டென்று விரியும் என்பதெல்லாம் கைக்கே தெரியும். அப்பேர்ப்பட்டவன் மைக்ரோவேவுக்குள் எவர்சில்வர் கிண்ணத்தை வைத்து வீட்டைக் கொளுத்தப் பார்த்தான் என்று யாராவது சொன்னால் நீங்கள் நம்புவீர்களா? நான் நம்பினேன். அந்த எரிச்சல்தான் இன்னும் அடங்கவில்லை.

மனைவி இறந்த மறுவருஷம் அந்த அடுப்பு வீட்டுக்கு வந்தது. துபாயில் இருக்கும் மகன் கார்கோவில் போட்டு அனுப்பினான். ஒற்றை ஆளுக்குச் சமைப்பதில் இருக்கும் தொல்லை அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். காலையில் வைத்த குழம்பில் மத்தியானத்துக்கு ஒரு கரண்டி, ராத்திரிக்கு ஒரு கரண்டி எடுத்துச் சூடு பண்ண வேண்டும். ஒரு கரண்டி குழம்பை காஸில் வைத்தால் கண் மூடித் திறப்பதற்குள் அடிப்பிடிக்கும். தேய்க்கிறவனும் நான்தான்.

கூட வந்த புத்தகம் இங்கிலீஷிலும் அரபியிலும் இருந்தது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இங்கிலீஷை இரண்டு நாள் படித்தேன். முக்கியமானதை ஒரு காலண்டர் தாளின் பின்பக்கத்தில் தமிழில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டினேன். பாத்திரக்கடைக்காரன் சூடு தாங்கும் என்று சத்தியமே செய்தாலும் எவர்சில்வர் கூடாது, அலுமினியம் கூடாது, தங்கக் கோடு போட்ட கப் கூடாது. மூடி இறுகின டப்பா கூடாது. முழு முட்டை கூடவே கூடாது. காலியாக ஓட்டக் கூடாது. சுவரிலிருந்து ஒரு சாணாவது தள்ளி வைக்க வேண்டும், மேலே துணி போட்டு மூடக் கூடாது. வெந்நீர் வைத்தால் கொதிக்காத மாதிரியே சாதுவாக இருக்கும், வெளியே எடுத்து காப்பித்தூளைப் போட்டதும் பொங்கி மூஞ்சியில் அடிக்கும். அதனால் தண்ணீருக்குள் ஒரு ஈர்க்குச்சியைப் போட்டுத்தான் வைப்பேன். சூடு பண்ணினதும் உடனே வாயில் வைக்காமல், கிளறிவிட்டு ஒரு நிமிஷம் பொறுப்பேன். கடையில் புரோட்டா வாங்கி வந்தால் சால்னாவை பிளாஸ்டிக் கவரோடு உள்ளே தள்ளுகிற சோம்பேறி நான் இல்லை. கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, புரோட்டாப் பொட்டலத்தில் ஸ்டேப்ளர் பின் ஏதாவது குத்தியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கதவை மூடுவேன். மூன்று வருஷத்தில் ஒரு பொறிகூடப் பறந்ததில்லை.

அந்த ஆனி மாசம் சாரல் நன்றாகப் பிடித்திருந்தது. தென்காசியில் வீடு வைத்திருப்பவனுக்கு சாரல் காலத்தில் சொந்தக்காரர்களுக்குப் பஞ்சமே கிடையாது. ஆனால் இந்தத் தடவை வந்தது என் மகள்தான். பாளையங்கோட்டையிலிருந்து மாப்பிள்ளையையும் ஐந்து வயதுப் பேத்தியையும் கூட்டிக்கொண்டு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தாள். மறுநாள் விடிந்ததும் தலையில் நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு ஐந்தருவிக்குப் போவதாக ஏற்பாடு. எண்ணெய் தேய்க்காமல் அருவியில் நிற்பது எங்கள் வீட்டில் பாதிக் குளியல்தான். நாலு மிளகு போட்டு எண்ணெயைக் காய்ச்சி, வெதுவெதுப்பாக உச்சியில் வைத்துக்கொண்டு போனால் எவ்வளவு நேரம் நின்றாலும் சளி பிடிக்காது என்பது எங்கள் நம்பிக்கை.

எண்ணெயை ராத்திரியே எவர்சில்வர் கிண்ணத்தில் ஊற்றி, மிளகு போட்டு, ஒரு ஸ்பூனும் வைத்து அடுப்படி மேடையில் எடுத்து வைத்தேன். காலையில் காஸில் காய்ச்சலாம் என்று. விடியற்காலம் எழுந்தேன், பீங்கான் கப்பில் பால் சூடு பண்ணிக் குடித்தேன், எல்லோருக்கும் இட்லி வாங்கத் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். இவ்வளவும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

திரும்பி வந்தபோது வாசலிலேயே கரிந்த நாற்றம். சமையலறைச் சுவர் கறுத்துக் கிடந்தது. அடுப்பின் உள்பக்கம் ஒரு மூலையில் பொசுங்கி, எண்ணெய் வழிந்திருந்தது. ஸ்பூன் நுனி கருகிப்போன கிண்ணத்தை மகள் தூக்கிக் காட்டினாள்.

"அப்பா, இதயா உள்ள வச்சிட்டுப் போனிய? பத்து நிமிசத்துக்குத் திருகி வேற வச்சிருக்கிய. நாங்க எந்திரிச்சிப் பாத்தா படபடன்னு வெடிக்குது, ஒரே பொகை. பிள்ள பக்கத்து ரூம்புல தூங்கிட்டு இருக்காப்பா!"

தூக்குவாளியை எங்கே வைத்தேன் என்றுகூடத் தெரியவில்லை.

"நான் வைக்கலையேட்டி. மேடையிலல்லா வச்சிருந்தேன்" என்றேன்.

"பெறவு கிண்ணம் என்ன நடந்தா உள்ள போச்சி? பால் சூடு பண்ணிட்டு, அந்த வாக்குலயே இதயும் வச்சிருப்பிய. வயசாவுதில்லப்பா" என்றாள். குரலை ரொம்பவும் தணித்துச் சொன்னாள். மாப்பிள்ளை கூடத்தில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். "விடு, மாமாவப் போட்டுப் படுத்தாத" என்றார். என்ன நல்ல மனுஷன் என்று அன்றைக்கு நினைத்தேன். தூ!

அவர்கள் அருவிக்குப் போனார்கள். நான் போகவில்லை. சுவரைத் துடைத்துக்கொண்டே யோசித்தேன். பாலை எடுத்த கை கிண்ணத்தைத் தூக்கி உள்ளே வைத்திருக்குமோ? வைத்திருக்கலாம். பேத்தி படுத்திருந்த பாயைச் சுருட்டி எடுத்து வைத்தேன். மத்தியானத்துக்குள் நானே வைத்தது எனக்குக் கண்ணால் பார்த்ததுபோல் ஆகிவிட்டது. கதவை மூடின சத்தம்கூடக் காதில் கேட்டது.

ராத்திரி மகன் போனில் வந்தான். தங்கை எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். "அப்பா, இனிமே அங்கன ஒத்தைல இருக்க வேண்டாம். இன்னைக்கு இது, நாளைக்கு காஸத் தொறந்து போட்டுட்டா?" என்றான். சுவரில் விதி எழுதி ஒட்டின மனுஷனே மறந்துவிட்டால் என்ன செய்வது என்று மகள் பக்கத்தில் நின்று சொன்னாள். அந்த வீடு நானும் என் மனைவியும் சேர்ந்து கட்டியது. கடைசி மூச்சு அங்கேதான் என்று எல்லோரிடமும் பெருமை அடித்துக்கொண்டிருந்தவன், ஒரே வாரத்தில் சாவியை மகள் கையில் கொடுத்துவிட்டுப் பாளையங்கோட்டைக்குப் போனேன்.

அங்கே ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனாள். இன்றைக்கு என்ன கிழமை, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள், மூன்று பொருள் சொல்கிறேன் திருப்பிச் சொல்லுங்கள் என்றார். எல்லாம் சொன்னேன். "இப்போதைக்குப் பயமில்லை, கவனமாக இருங்கள்" என்றார். அந்த 'இப்போதைக்கு' எனக்குப் போதுமாக இருந்தது. மூக்குக் கண்ணாடியை ஒரு நிமிஷம் தேடினாலும் ஆரம்பித்துவிட்டது என்று உடம்பு வியர்க்கும். பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடக்கப் பயந்தேன். யாரும் சொல்லவில்லை, நானாகவே அவளைக் கடைக்குக் கூட்டிப்போவதை நிறுத்தினேன்.

மகள் வீட்டிலும் மைக்ரோவேவ் இருந்தது. நான் தொடக் கூடாது. வெந்நீர் வேண்டுமென்றால் கேட்க வேண்டும். "அப்பா, சொன்னா நான் வச்சித் தர மாட்டனா?" என்பாள். அன்பாகத்தான் சொல்வாள். ஆனால் ஒரு டம்ளர் வெந்நீருக்காக அவள் டிவியில் தொடர் முடியும்வரை காத்திருக்கிறபோது என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வரும். பாழாய்ப்போன மூளையே, ஒரு கிண்ணத்தை ஞாபகம் வைத்துக்கொள்ள முடியாமல் போச்சே என்று என்னையே திட்டிக்கொள்வேன். பதினோரு மாசம் இப்படிப் போனது.

மறுபடியும் சாரல் தொடங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் குற்றாலம் போகலாம் என்று கிளம்பிக்கொண்டிருந்தார்கள். நான் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை தலைக்கு எண்ணெய் சூடு பண்ணச் சமையலறைக்குப் போனார். உடனே மகள் போட்ட கூச்சல் கூடம்வரை கேட்டது.

"ஏங்க, கிண்ணத்த வெளிய எடுங்க! உங்களுக்குப் புத்தியே வராதா? போன வருசம் அப்பா வீட்டுல பத்த வச்சது போதாதா?"

நான் உட்கார்ந்திருப்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். மெதுவாக வெளியே வந்து எட்டிப் பார்த்தாள். முகம் செத்துப்போயிருந்தது.

"ஏட்டி, இப்ப என்ன சொன்ன? திருப்பிச் சொல்லு" என்றேன்.

"அப்பா, கோவப்படாதிய. அவிய வேணும்னா செஞ்சாவ? வெவரம் தெரியாம வச்சிட்டு போனப் பாத்துட்டு இருந்துட்டாவ."

"அத அன்னைக்கே சொன்னா என்ன?"

"எப்படிப்பா சொல்லுவேன்? கல்யாணம் ஆன புதுசுல, உங்க சைக்கிளு பெல்லக் கழட்டிட்டாவன்னு தெருவுல வச்சி அவியள என்ன பேச்சுப் பேசினிய! அந்தப் பேச்ச எங்க மாமியார் இன்னைக்கும் சொல்லிக் காட்டுதாவ. இதுவும் தெரிஞ்சா நீங்க சும்மா இருப்பியளா? நான்தான் ரெண்டு பேருக்கும் எடையில கெடந்து சாவணும்."

சைக்கிள் பெல் விஷயம் உண்மைதான். என் வாய் அப்படி. அதை மறுக்க மாட்டேன். ஆனால் அதற்குத் தண்டனை இதுவா?

"சரி, அன்னைக்கு ஒரு பொய் சொன்ன, பொறுத்துக்கிடுதேன். 'அப்பா, எனக்காக நீங்க வச்சதாச் சொல்லுங்க'ன்னு காதோரமா ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே ஊருக்கெல்லாம் சொல்லியிருப்பனே. பெறவு டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போனியே, அப்பவும் சொல்லத் தோணலையா?"

அவள் அழுதுகொண்டே சொன்னாள், "எப்படியும் உங்கள இங்கன கொண்டு வரணும்னு நானும் அண்ணனும் பேசிக்கிட்டுத்தான் இருந்தோம். நீங்க ஒத்துக்கவே மாட்டிய. இது ஒரு சாக்காச்சின்னு விட்டுட்டேன். உங்க நல்லதுக்குத்தானப்பா."

என் நல்லதுக்கு! பதினோரு மாசம் என் மூளை அழுகிக்கொண்டு வருகிறது என்று நான் பயந்து செத்ததை இவள் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறாள். மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துக் கொடுத்து, "பரவால்லப்பா, இந்த வயசுல இப்படித்தான்" என்று முதுகைத் தடவியிருக்கிறாள். பெற்ற மகள். கை நீட்டி அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. மாப்பிள்ளை சமையலறையை விட்டு வெளியே வரவே இல்லை. நானும் அவரைக் கூப்பிடவில்லை. சாவியை மட்டும் வாங்கிக்கொண்டு, மாற்று வேட்டிகளைப் பையில் திணித்துப் பஸ் ஏறினேன்.

வீடு பூஞ்சை பிடித்துக் கிடந்தது. இரண்டு நாள் கழுவினேன். ரிப்பேர் பார்க்கிறவரை வரவழைத்துக் காட்டினேன். "உள்பக்கம் சூடு தாங்குத மைக்கா அட்டதான் போயிருக்கு அண்ணாச்சி. கதவு சரியா அடையலன்னாத்தான் பயப்படணும், இது நல்லா அடையுது. அட்டய மாத்திட்டா புதுசு மாதிரி ஓடும்" என்றார். அரை மணி நேர வேலை. இதற்காகவா என்னை ஊரைவிட்டுக் கிளப்பினார்கள் என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, சிரித்து வைத்தார்.

மகன் போனில் மன்னிப்புக் கேட்டான். அவனுக்கும் உண்மை தெரியாதாம். மகள் தினமும் ராத்திரி எட்டு மணிக்குக் கூப்பிடுகிறாள். எடுக்கிறேன், பேசுகிறேன். பேத்தி கதை சொல்கிறாள், கேட்டுக்கொள்கிறேன். உறவை அறுத்துப் போட எனக்கு எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள்? நான் சமைக்கிறேன், சூடு பண்ணுகிறேன், என் வீட்டில் இருக்கிறேன். ஆறு மாசமாக ஒரு குறையும் இல்லை.

இரண்டு மூன்று நாள் கடைச் சாப்பாட்டோடு ஓட்டிவிட்டு, போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பால் வைக்கலாம் என்று மைக்ரோவேவ் கதவைத் திறந்தேன். உள்ளே கண்ணாடிக் கிண்ணத்தில் உப்புமா இருந்தது. கெட்டுப்போய், நூல் விட்டிருந்தது. இரண்டு நாளாவது ஆகியிருக்கும். எப்போது கிண்டினேன், எப்போது உள்ளே வைத்தேன் என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. இந்தத் தடவை வீட்டில் வேறு யாரும் கிடையாது.

உடனே மகளிடம் சொல்ல வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. போனை எடுத்து அவள் பெயர்மேல் விரலையும் வைத்துவிட்டேன். அப்புறம் அணைத்துவிட்டு, உப்புமாவைக் கொட்டிக் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தேன். எட்டு மணிக்கு அவளே கூப்பிட்டாள்.

"சாப்ட்டியளாப்பா? ஒடம்பு ஒண்ணும் இல்லைல்லா?"

"எனக்கென்ன கேடு? நல்லாத்தான் இருக்கேன்" என்றேன்.