கொசுவலை கட்டிய புகைக்குழாய்

காக்ஸ் டவுனில் நான் தங்கியிருக்கும் வீட்டின் ஹாலில் ஒரு பெல்லட் அடுப்பு இருக்கிறது. மரத்தூளை அழுத்திச் செய்த குச்சிகளை எரித்து அறையைச் சூடாக்கும் அடுப்பு. டிசம்பர் காலை. கண் எரிகிறது, தலை கனக்கிறது. அடுப்பின் கண்ணாடி கன்னங்கரேலென்று கிடக்கிறது. வெளியே போய்ப் பார்க்கிறேன். சுவரைத் துளைத்து வரும் புகைக்குழாயின் வாயில், ஜன்னலுக்கு அடிக்கும் கொசுவலைக் கம்பியை இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். வலைக் கண்ணெல்லாம் கரி அடைத்திருக்கிறது. புகை வீட்டுக்குள் திரும்பாமல் வேறெங்கே போகும்?

“யார் கட்டினது இது?” வீட்டுக்கார ஸ்டெல்லா ஆன்ட்டியிடம் கத்துகிறேன்.

“நான்தான் கட்டச் சொன்னேன் சார். டெங்கு சீசன் இல்லையா? பைப் வழியா கொசு வந்துடும்.”

“எரியற அடுப்புக்குள்ள எந்தக் கொசு வரும் ஆன்ட்டி? புகை வெளிய போகலைன்னா தூக்கத்துலயே செத்துப்போவோம். பக்கத்து ரூம்ல கைக்குழந்தை இருக்கு!”

“அதுக்குத்தான் புகை வந்தா கத்தற அலாரம் மாட்டியிருக்கோமே,” என்று சுவரிலிருக்கும் வெள்ளைப் பெட்டியைக் காட்டுகிறார். திறக்கிறேன். உள்ளே காலி.

“பேட்டரி எங்க?”

“நேத்து பூரா சும்மா கத்திக்கிட்டே இருந்துச்சு சார். கழட்டிக் கடிகாரத்துல போட்டுட்டேன்.”

நிமிர்ந்து பார்க்கிறேன். கடிகாரம் நன்றாக ஓடுகிறது.